சரிவில் தானாக உருண்ட மூன்றாவது வேகன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் எட்டடிப் பலகையின் ஒரு முனையை 3 செ.மீ. மட்டும் தூக்கி வைத்து, அதன் மேல் பதித்த தண்டவாளத்தில், நான் மரத்தில் செய்துவரும் பொம்மை ரயில் வேகன்களில் மூன்றாவதை வைத்தேன். விரலால் லேசாகத் தொட்டதும் கிளம்பியது. நடுவில் நிற்கவில்லை, தடம் புரளவில்லை. கடைசி வரை போய், நான் சுருட்டி வைத்திருந்த பழைய துண்டில் முட்டி நின்றது. ஜூலையில் தொடங்கிய வேலை. ஏழு மாதம் கழித்துத்தான் இதைப் பார்க்க முடிந்தது. மறுபடி மறுபடி விட்டுப் பார்த்தேன், இருட்டும் வரைக்கும்.

ஒரு பொம்மை வேகன் உருளுவதில் என்ன இருக்கிறது என்றால், இந்த வேகன்களின் பிழைப்பே உருளுவதுதான். இவை வடக்கு வேல்ஸில் ஓடியவை. ஃபெஸ்டினியோக் ரயில்வே 1836-ல் திறக்கப்பட்டது. தண்டவாள அகலம் வெறும் 597 மி.மீ. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ.; டார்ஜிலிங் ரயில்தான் அகலத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம். பிளைனாய் ஃபெஸ்டினியோக் மலைக் குவாரிகளில் வெட்டிய சிலேட் கல்லைப் போர்த்மாடோக் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை இது. ஏறக்குறைய முழுவதும் ஒரே இறக்கம், சராசரியாக 92-க்கு 1, அதாவது 92 அடி போனால் 1 அடி இறங்கும். கல் ஏற்றிய வேகன்களை வரிசையாகக் கோத்து விட்டால் என்ஜின் இல்லாமலே உருண்டு கீழே வந்துவிடும். பிரேக் பிடிக்க மட்டும் ஆட்கள் மேலே உட்கார்ந்து வருவார்கள். காலி வேகன்களை மேலே இழுத்துப் போவது குதிரைகளின் வேலை. இறங்கும்போது அந்தக் குதிரைகளும் தங்களுக்கென்று ஒரு வேகனில் நின்றுகொண்டு வரும். 1863-ல் நீராவி என்ஜின் வந்த பிறகும் கல் வண்டிகள் 1939 வரை உருண்டேதான் இறங்கின.

தங்கச்சி மான்செஸ்டரில் இருக்கிறாள். அவளோடு அந்த ரயிலில் ஒருமுறை போனேன். போர்த்மாடோக்கில் பழைய சிலேட் வேகன்கள் ஒரு ஓரமாக நின்றிருந்தன. இடுப்பளவு உயரம்கூட இல்லை. பக்கங்களில் இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள், பூட்டப்படாத சங்கிலி. கையால் தள்ளினால் நகர்ந்துவிடும்போல் இருந்தது. அதிலிருந்து அந்த வேகன்கள் மனதை விட்டுப் போகவில்லை. ஊருக்கு வரும்போது நான்கு மர கிட் வாங்கி வரச் சொன்னேன். அளவு அடிக்கு 16 மி.மீ., அதாவது அசலில் 19-ல் ஒரு பங்கு. 32 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். கிட் ஒன்று 24 பவுண்டு, சக்கரம் தனியாக 9 பவுண்டு. தண்டவாளத்தைப் பெட்டியில் அடங்கும்படி 60 செ.மீ. துண்டுகளாக நான்கு கொண்டுவந்தாள், அது 18 பவுண்டு. மொத்தம் 150. அன்றைய மாற்று விலையில் சுமார் 16,500 ரூபாய்.

பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய 2 மி.மீ. பிர்ச் பிளைவுட் தகடு இரண்டு, 1 மி.மீ. தகடு ஒன்று, அச்சின் முனைகளைத் தாங்கும் அச்சுப்பெட்டிகள், அவற்றின் துளைக்குள் போகும் பித்தளைக் குழல்கள் (புஷ்), 24 மி.மீ. சக்கரம் கோத்த 3 மி.மீ. அச்சு இரண்டு, கருப்பு அட்டைப் பட்டைகள். விளக்கம் ஒரே தாள். அடிச்சட்டத்தை ஒட்டு, அச்சுப்பெட்டியை ஒட்டு, பக்கங்களை ஒட்டு, அவ்வளவுதான். எதை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் வேகனை ஒரே நாளில் முடித்தேன். ஃபெவிக்விக் போட்டு டக்கு டக்கென்று ஒட்டிக்கொண்டே போனேன். பார்க்க நன்றாகவே இருந்தது. தண்டவாளத்தில் வைத்ததும் ஆடியது. நாலு கால் ஸ்டூலில் ஒரு கால் குட்டையாக இருந்தால் எப்படி ஆடுமோ அப்படி. பலகையை உயர்த்திக்கொண்டே போனேன், 11 செ.மீ. வந்த பிறகுதான் அசைந்தது. தண்டவாளத் துண்டுகள் சேரும் இணைப்புக்கு இணைப்பு தடம் புரண்டது.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் எடுத்துப் போனேன். அவர் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் ஓரமாகவே பார்த்தார். "சார், மூலைக்கு மூலை அளந்தீங்களா?" என்றார். இல்லை. அங்கேயே அளந்தோம். சட்டம் 98 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலம். இரண்டு குறுக்களவும் 112.9 வர வேண்டும். ஒன்று 113.6, இன்னொன்று 112.1. அது போக, சட்டம் முறுக்கிக்கொண்டும் இருந்தது. அவருடைய கிரானைட் துண்டின் மேல் வைத்து மூன்று சக்கரங்களை அழுத்திப் பிடித்தால், நான்காவது சக்கரத்துக்கு அடியில் மூன்று விசிட்டிங் கார்டு நுழைந்தது. "ஒட்டினது தப்பில்ல. மேல பிடிச்சுக்கிட்டு ஒட்டுனீங்க பாருங்க, அதுதான். இது மேல படுக்க வச்சு ஒட்டுங்க" என்று அந்தக் கிரானைட் துண்டையே கொடுத்தனுப்பினார். ஓர் அடிக்கு ஓர் அடி, அடுப்பு மேடைக்கு வெட்டியதில் மிஞ்சியது. இந்த ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி அதுதான்.

முதல் வேகனைப் பிரித்து மறுபடி ஒட்டலாம் என்று பார்த்தேன். ஃபெவிக்விக் பிடித்த இடத்தில் பசை விடவில்லை, பிளைவுட்டின் மேல்தோல்தான் உரிந்து வந்தது. சரி, சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒரே அச்சைத் தாங்கும் அச்சுப்பெட்டிகள் இரண்டையும் மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். அவற்றை ஒரு சின்னப் பிளைவுட் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டை வேகனின் நீளவாட்டில் நடுவில் ஒரே பித்தளை ஆணியில் மாட்டினேன். இப்போது அந்த அச்சு மட்டும் இடது வலமாகக் கொஞ்சம் ஆடும். முக்காலி எப்படிப்பட்ட தரையிலும் ஆடாமல் நிற்குமே, அதே சங்கதி. நான்கு சக்கரமும் தண்டவாளத்தைத் தொட்டன. 11 செ.மீ. என்பது 8 ஆனது. தடம் புரள்வது பெரும்பாலும் நின்றது. ஒரே இணைப்பில் மட்டும் விடாமல் இறங்கியது. வெர்னியர் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: ஓர் அச்சில் இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே 28 மி.மீ. இருக்க வேண்டும், அதில் 27.2 இருந்தது. சக்கரத்தை லேசாக முறுக்கி வெளியே இழுத்ததும் சரியானது. இதை ஒட்டுவதற்கு முன்பே நான்கு கிட்டுக்கும் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது வேகனுக்குக் கிரானைட், 180 ரூபாய்க்கு ஒரு சின்ன மூலைமட்டம், ஃபெவிகால் மரைன். மாடியில் வைத்து ஓட்டுவதால் ஈரம் தாங்கும் பசையாக இருக்கட்டும் என்று மரைன். காயும் வரை சட்டத்தின் மேல் இரண்டு கிலோ படிக்கல். குறுக்களவு இரண்டும் 112.9, 113.0. அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கிருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

ஆனால் இதில் வேறு தப்பு செய்தேன். லேசர் வெட்டிய ஓரமெல்லாம் கருகி இருக்கும். கையில் கரி ஒட்டுகிறதே என்று 180 உப்புத்தாளால் எல்லா ஓரத்தையும் வெள்ளை மரம் தெரியும் வரை தேய்த்தேன். ஒரு துண்டை இன்னொன்றின் துளையில் செருகும் பொருத்து நாக்குகளையும் சேர்த்து. 6 மி.மீ. நாக்கு 5.7 ஆகிவிட்டது. துளையில் வைத்தால் கடகடவென்று ஆடுகிறது. மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து இடுக்கில் அடைத்தேன். பிடித்துக்கொண்டது. அதன் விலை சாயம் போடும்போதுதான் தெரிந்தது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. புது பிர்ச் பிளைவுட் கிரீம் பிஸ்கட் மாதிரி வெளுத்து இருக்கும். மழையிலும் கல்தூசியிலும் பல வருஷம் கிடந்த மரத்துக்கு ஒரு சாம்பல் நிறம் வரும், உள்ளே கொஞ்சம் பழுப்பு தெரியும். பெயின்ட்டில் அது வருவதில்லை. வினிகரில் இரும்பை ஊறப்போட்டு, அந்த நீரை டீ டிகாக்ஷன் பூசிய மரத்தில் தடவினால் வரும். டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருக்கும். ஓக் மரத்தில் அந்தத் துவர்ப்பு ஏற்கெனவே நிறைய உண்டு. பிர்ச்சில் குறைவு, அதனால்தான் டீ.

வினிகரில் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போட்டேன். இரண்டு நாள், நான்கு நாள், ஒரு வாரம். வினிகர் அப்படியே தெளிவாக இருந்தது. அந்த நார் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருப்பிடிக்காதது, வினிகரில் எப்படிக் கரையும்? பிறகு பரணில் இருந்த துருப்பிடித்த ஆணிகள் ஒரு கைப்பிடி போட்டேன். இரண்டே நாளில் நீர் செம்பழுப்பாகிவிட்டது. டப்பா மூடியை இறுக்கி மூடக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும். துணியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தேன். மூன்று ஸ்பூன் டீத்தூள் போட்டுக் கொதிக்கவைத்த டிகாக்ஷனை முதலில் பூசி, காய்ந்ததும் இரும்பு நீரைத் தூரிகையால் தடவினேன். தடவிய இடம் கண் முன்னாலேயே நிறம் மாறுகிறது. முதலில் ஒன்றுமில்லை, அரை நிமிடத்தில் நீலம் கலந்த சாம்பல் ஏறுகிறது, காயக் காய ஆழமாகிறது. மரத்தின் ரேகைகள் தனித்தனியாக எழுந்து வருகின்றன. போர்த்மாடோக்கில் பார்த்த சட்டங்களை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்திருப்பது மாதிரி இருந்தது.

இரண்டாவது வேகனில் மரத்தூள் கூழ் வைத்து அடைத்த இடங்களில் மட்டும் நிறம் ஏறவே இல்லை. பசை ஊறிய மரம் சாயம் குடிக்காது. எட்டு மூலையிலும் வெளிறிய திட்டுகள். கருப்பு அட்டைப் பட்டைகளை மூலைகளில் கொஞ்சம் அகலமாக வெட்டி ஒட்டி மறைத்தேன். ரிவெட் தலைகளுக்கு அட்டையின் பின்பக்கம் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி அழுத்தினால் போதும். இந்த வேகன் 6 செ.மீ. சரிவில் உருண்டது.

அப்போது அக்டோபர் கடைசி. மூன்றாவது கிட்டின் பக்கச் சட்டங்களை ஒட்டுவதற்கு முன்பே சாயம் போட்டுவிடலாம் என்ற முடிவு சரிதான். ஆனால் வெளிப்பக்கம் மட்டும் பூசி, தாளின் மேல் காயப்போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இரவெல்லாம் மழை. காலையில் 1 மி.மீ. சட்டங்கள் அத்தனையும் அப்பளம் பொரித்த மாதிரி வளைந்து கிடந்தன. நடுவில் 3 மி.மீ. வரை தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஈரம் குடித்து விரிகிறது, மறுபக்கம் விரியவில்லை, மரம் வேறென்ன செய்யும்.

மறுபக்கத்துக்கும் அதே டீ, அதே இரும்பு நீர் பூசி, இரண்டு ஜன்னல் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, மேலே படிக்கல்லும் தடியான புத்தகங்களும் ஏற்றினேன். செய்தித்தாளைத் தினமும் மாற்றினேன். சென்னையில் நவம்பரில் எதுவும் சுலபத்தில் காய்வதில்லை. பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு சட்டம் மட்டும் அடங்கவில்லை, அதைத் தகட்டின் மிச்சத்திலிருந்து புதிதாக வெட்டிக்கொண்டேன். காய்ந்ததும் இரண்டு பக்கமும் சாண்டிங் சீலர் ஒரு கோட், 400 உப்புத்தாளால் ஒரு தடவல். அதற்குப் பிறகு டிசம்பர் மழையிலும் அவை அசையவில்லை.

அச்சுத் துளைகளை இந்த முறை தனியாகக் கவனித்தேன். புஷ்ஷுக்காக அச்சுப்பெட்டியில் 4 மி.மீ. துளை போட வேண்டும். முதல் இரண்டு வேகன்களில் பின்வைஸ் என்னும் சின்னக் கைத்துளைக் கருவியில் கையாலேயே திருகிப் போட்டேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் துளை கொஞ்சம் சாய்ந்துவிடும். அச்சு இரண்டு பக்கமும் உரசும், சக்கரம் தயங்கித் தயங்கிச் சுற்றும். இப்போது ஒரு தேக்குத் துண்டில் ஆசாரியின் டிரில் ஸ்டாண்டில் வைத்துச் செங்குத்தாக ஒரு துளை போட்டு வாங்கி, அதையே வழிகாட்டியாக அச்சுப்பெட்டியின் மேல் வைத்துத் துளைத்தேன். பிறகு அச்சுப்பெட்டிகளை ஒட்டும்போது இரண்டு அச்சையும் மாட்டிய நிலையிலேயே கிரானைட்டில் நிற்கவைத்து, சக்கரங்கள் நான்கும் கல்லைத் தொடும்படி பசையைக் காயவிட்டேன். சட்டத்தை நம்பி அச்சை வைக்காமல், கல்லை நம்பி வைத்தேன். விசிட்டிங் கார்டு எந்தச் சக்கரத்துக்கு அடியிலும் நுழையவில்லை.

உராய்வுக்கு முதலில் தையல் மெஷின் எண்ணெய்தான் போட்டிருந்தேன். முதல் நாள் நன்றாக ஓடும். மொட்டை மாடித் தூசியும் மரத்தூளும் சேர்ந்து மூன்றே நாளில் கருப்புப் பசையாகிவிடும். மூன்றாவது வேகனில் புஷ்ஷைப் பெட்ரோலில் கழுவித் துடைத்துவிட்டு, 4பி பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து வந்த தூளைத் தடவினேன். எண்ணெயில் 4.5 செ.மீ. கேட்டது, பென்சில் தூளில் 3.6-க்கு இறங்கியது.

கடைசியாகச் சுமை. காலி வேகன் 84 கிராம். இந்த எடையில் இணைப்புகளில் எகிறும். கூரைக்குப் போடும் வேல்ஸ் சிலேட்டுகளுக்கு அளவுக்கு ஒரு சீமாட்டிப் பெயர் உண்டு. 24 அங்குலத்துக்கு 12 என்றால் டச்சஸ், 20-க்கு 10 கவுண்டஸ், 16-க்கு 8 லேடி. இந்த அளவில் டச்சஸ் சரியாக 32-க்கு 16 மி.மீ. வருகிறது. உண்மையான கல்லிலேயே செய்ய ஆசை. வீட்டில் உடைந்த பழைய கல் சிலேட்டு ஒன்று இருந்தது, அப்பா எழுதியது. மெல்லிய கத்தியை ஓரத்தில் வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும் என்று நினைத்தேன். பிரிந்தது, ஆனால் 1 மி.மீ.க்குக் கீழே போனால் நொறுங்கியது. அசல் கூரைச் சிலேட்டு இந்த அளவில் கால் மி.மீ.கூட வராது. அதனால் கருப்பு சார்ட் அட்டையில் டச்சஸ்களை வெட்டி, ஓரங்களைக் கத்தியால் சற்றே கொத்தி, அசல் வேகன்களில் மாதிரி நிறுத்தி வரிசையாக அடுக்கினேன். 140 துண்டுகள், இரண்டு இரவு. வரிசைக்கு அடியில், வெளியே தெரியாமல், அப்பாவின் சிலேட்டுத் துண்டுகளைப் படுக்க வைத்தேன். எடை 190 கிராமுக்கு வந்தது. அப்புறம்தான் அந்த 3 செ.மீ. அதாவது 80-க்கு 1.

கொக்கிச் சங்கிலிக்குக் கிட்டில் வந்த பித்தளைக் கம்பி வளையங்கள் மிகவும் தடிமன். தி.நகரில் கவரிங் நகை செய்யும் சாமான்கள் விற்கிற கடையில் மீட்டர் 40 ரூபாய்க்கு ஒரு சங்கிலி கிடைத்தது, வளையம் 3 மி.மீ. இரும்பு நிறத்துக்கு அதைக் கருக்கிக்கொண்டேன். மூன்று வேகன்களுக்குப் போட்டும் பாதி மிச்சம்.

இங்கே ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தொடங்க நினைத்தால் உதவும். மூலைமட்டம் 180, பின்வைஸும் துளையூசிகளும் 450, உப்புத்தாள் 120, ஃபெவிகால் மரைன் 95, சாண்டிங் சீலர் 210, வினிகரும் தூரிகையும் 60, சங்கிலி 40. ஆக 1,155 ரூபாய். கிரானைட்டும் கண்ணாடியும் ஆணிகளும் சும்மா கிடைத்தவை. ஃபெவிக்விக்கை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, இனி அட்டைப் பட்டை ஒட்ட மட்டும்தான் அது.

நான்காவது கிட்டில் வரிசையையே மாற்றியிருக்கிறேன். முதலில் சக்கர இடைவெளி பார்த்தாகிவிட்டது, இரண்டு அச்சும் 28. கருகிய ஓரங்களில் வெளியே தெரிபவற்றை மட்டும் 240 உப்புத்தாளால் தேய்த்தேன். நாக்குகளைக் கத்தி முதுகால் ஒரே ஒரு முறை சுரண்டியதோடு சரி, வெர்னியரில் 5.95 காட்டுகிறது. தகட்டில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் டீயும் இரும்பு நீரும் பூசி, நிறம் ஏறிய பிறகே துண்டுகளைக் கழற்றினேன். முதல் வேகனுக்குச் செய்த ஆடும் அச்சை இதிலும் வைத்துப் பார்க்கப் போகிறேன், இந்த முறை தவறைத் திருத்த அல்ல, தொடக்கத்திலிருந்தே. கல்லில் நேராக நிற்கும் சட்டத்தோடு அதுவும் சேர்ந்தால் எவ்வளவு குறையும் என்று தெரிய வேண்டும். என்னுடைய 240 செ.மீ. தண்டவாளத்தில் 92-க்கு 1 என்பது 2.6 செ.மீ. இன்னும் 4 மி.மீ. பாக்கி. சட்டங்கள் இப்போது கண்ணாடிகளுக்கு நடுவே காய்ந்துகொண்டிருக்கின்றன. சனிக்கிழமை எடுப்பேன்.